ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) டிப்பால இழுக்கிறது ஒரே ஒரு புரத மூலக்கூறுதான்னு எப்படி உறுதியா சொல்றாங்க?

நல்ல கேள்வி. நான் ஏஎஃப்எம்ல வேலை பார்த்த காலம் பூரா என் மண்டையைக் குடைஞ்சதும் இதேதான்.

கருவியைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 1986ல பின்னிக், குவேட், கெர்பர் மூணு பேரும் கொண்டுவந்தது. லென்ஸே கிடையாது, கேன்டிலீவர்ங்கிற வளையக்கூடிய ஒரு மெல்லிசு பட்டை, அதோட நுனியில சில நானோமீட்டர் அளவுக்குக் கூரான டிப், முதுகுல லேசர் பட்டு ஒரு டிடெக்டர்ல போய் விழும், கேன்டிலீவர் துளி வளைஞ்சாலும் அந்தப் புள்ளி நகர்ந்துடும். அதாவது மூலக்கூறைத் தொட்டுத்தான் பார்க்கிறோம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, பஃபர் கரைசலுக்குள்ளயே வச்சுத் தொடலாம், புரதம் தன் வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கும். ஜப்பான்ல கனசாவா பல்கலைக்கழக ஆண்டோ குழு 2010ல மயோசின்-5ங்கிற மோட்டார் புரதம் ஆக்டின்ங்கிற புரத இழை மேல நடக்கிறதை வீடியோவாவே காட்டுனாங்க, இன்னிக்குப் பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

இப்போ இழுக்கிற விஷயத்துக்கு வருவோம். புரதம் படிஞ்ச பரப்புல டிப்பை அழுத்தி எடுக்கும்போது எது ஒட்டிக்கும்னு நம்ம கையில இல்ல. பெரும்பாலான தடவை ஒண்ணுமே வராது, சில சமயம் ரெண்டு மூணு மூலக்கூறு சேர்ந்து வரும், சில சமயம் டிப் சும்மா பரப்புல ஒட்டிப் பிரியும். 1997ல மியூனிக்ல காப் குழு டைட்டின்ங்கிற தசைப் புரதத்தை இழுத்தப்போ இழுத்த தூரத்துக்கு எதிரா விசையை வரைஞ்ச கிராஃப் ரம்பப் பல் மாதிரி வந்துச்சு. நூல்ல வரிசையா போட்ட சுருக்கு முடிச்சு ஒவ்வொண்ணா அவிழுற மாதிரி, புரதத்துல தனித்தனியா மடிஞ்சு கிடக்கிற ஒவ்வொரு துண்டும் (டொமைன்) 150லேருந்து 300 பிகோநியூட்டன் (ஒரு பிகோநியூட்டன்னா நியூட்டன்ல லட்சம் கோடில ஒரு பங்கு) விசையில பட்டுனு பிரியுது. அப்புறம் ஒரே டொமைனையே வரிசையா கோர்த்து பாலிபுரோட்டீன் செய்ய ஆரம்பிச்சாங்க, அதுதான் உங்க கேள்விக்கு நேரடி பதில். டைட்டினோட ஐ27 டொமைனை அப்படிக் கோர்த்து இழுத்தா ஒவ்வொரு பிரிவுக்கும் சங்கிலி நீளம் சுமார் 28 நானோமீட்டர் கூடும், ஒவ்வொரு பல்லுக்கும் அதே கணக்கு வந்தாத்தான் ஒத்தை மூலக்கூறு, ரெண்டு சேர்ந்து வந்திருந்தா இந்த ஒழுங்கு கலைஞ்சிடும். கடைசிப் பல்லைக் கணக்குல சேர்க்காதீங்க, அது மூலக்கூறு டிப்லேருந்தோ பரப்புலேருந்தோ பிய்ஞ்சு போறது.

இன்னொண்ணு, புரதத்தை நல்லா நீர்த்துப் போட்டு, தொடுற தடவைல பெரும்பாலும் வெறுங்கையா வர்ற மாதிரி வச்சுக்கணும். ஒட்டுறதே அரிதுன்னா ஒரே நேரத்துல ரெண்டு ஒட்டுறது அதைவிட அரிது. புதுசா வர்றவங்க நிறைய கர்வ் (அந்த விசை கிராஃப்) வேணும்னு அடர்த்தியைக் கூட்டுவாங்க, அது டேட்டாவையே கெடுத்துடும். அதே மாதிரி எந்தக் கர்வை எடுக்கணும் எதைத் தள்ளணும்ங்கிற விதியை முதல்லயே எழுதி வச்சுக்கணும், பார்த்துப் பார்த்து அழகானதைப் பொறுக்குனா நமக்குப் பிடிச்ச பதில்தான் கிடைக்கும்.

பேப்பர்ல "இந்தப் புரதம் 200 பிகோநியூட்டன்ல பிரியும்"னு மொட்டையா போட்டிருந்தா எவ்வளவு வேகத்துல இழுத்தாங்கன்னு தேடுங்க, வேகமா இழுத்தா விசை கூடத்தான் வரும். அப்புறம் மீட்டருக்கு 0.06 நியூட்டன் விறைப்புள்ள கேன்டிலீவர், அறை வெப்பத்துல தானாவே ஆடுறதே கிட்டத்தட்ட 15 பிகோநியூட்டனுக்குச் சமம். அதனால சில பிகோநியூட்டன் அளவு விசையை அளக்கணும்னா இதை விட்டுட்டு லேசர் ஒளியால பிடிச்சு இழுக்கிற ஆப்டிகல் ட்வீசர் பக்கம் போறதுதான் சரி.