சுடுமண் குதிரையின் வயிற்றில் துளை எதற்கு?

கருப்பராயன், முனியப்பன் கோயில்களில் நிற்கும் மண் குதிரையின் வயிற்றில் துளை ஏன் என்பது கேள்வி. களிமண்ணை வனைந்து, காயவைத்து, சூளையில் சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அது சுடுமண். நிழலில் வாரக்கணக்கில் காய்ந்த மண்ணிலும் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். 100 டிகிரி தாண்டியதும் அது ஆவியாகும். சிலையின் சுவர் தடித்திருந்தால், ஆவி வெளியேற வழியில்லாமல் மண் வெடித்துவிடும். மக்காச்சோளம் பொரிவதும் இந்த ஆவியால்தான். ஆகவே உடம்பைப் பொள்ளலாக, அதாவது உள்ளே வெறுமையாக விட்டு, ஒரே கனத்தில் வனைகிறார்கள். மண்ணில் பிசைந்த உமி எரிந்துபோன இடத்தில் நுண்துளை விழும், ஆவிக்கு அதுவும் வாசல். வயிற்றுத் துளை உள்ளே சூடேறும் காற்றுக்கு. கனம் மாறினால் கழுத்துப் பொருத்து போன்ற இடங்களில் கீறலாம். சீனத்துச் சின் பேரரசரின் சுடுமண் வீரர் சிலைகளுக்கும் உடம்பு பொள்ளல், கால்கள் கெட்டி.

துளையை உடைசல் என்றெண்ணிச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதும் அதன் வழியேதான்.