சிஸ்டர் சிரிச்சாங்கன்னு செக்கப்பை விட்டுடாதீங்க தங்கச்சி

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயசு, தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன். 11 வருஷமா ஒரு பொண்ணோடதான் குடும்பம் நடத்துறேன், கோயில்ல எல்லாரும் அவளை என் ஃப்ரெண்டுன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அஞ்சு மாசமா பீரியட் இல்லாத நாள்லயும் ரத்தம் படுது, சேர்ந்து இருந்த பிறகும் படுது. கிளினிக் போனேன். குடும்பக் கட்டுப்பாடு என்ன பண்றீங்கன்னு சிஸ்டர் கேட்டாங்க, என் பார்ட்னர் பொண்ணுன்னு சொன்னேன். சிரிச்சுட்டு இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு க்யூவுக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க, ஆம்பளை இல்லைன்னா பேப் ஸ்மியர்ங்கற கர்ப்பப்பை வாய் டெஸ்ட் வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. இதுவரைக்கும் ஒரு தடவைகூட எடுத்ததில்ல. திரும்பப் போகக் கால் வரல. நாளைக்கு ஆஸ்பத்திரில படுத்தா எங்க அண்ணன்தான் கையெழுத்துப் போடுவாரு, அவளை உள்ளயே விடமாட்டாரு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவ சேர்ந்திருக்கற மெடிக்கல் எய்ட் திட்டத்துல என் பேரைச் சேக்க முடியுமா? என்ன பண்றதுன்னே தெரியல.
பேர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல ரத்தம். பீரியட் இல்லாத நாள்ல படுறது, சேர்ந்து இருந்த பிறகு படுறது, ரெண்டையுமே ஒரு சிஸ்டரோ டாக்டரோ உள்ள பார்த்தே ஆகணும், அஞ்சு மாசம் ஏற்கனவே அதிகம். பயமுறுத்த சொல்லல. உங்க வயசுல இதுக்கு பாலிப்னு சின்ன சதை வளர்ச்சி காரணமா இருக்கலாம், ஃபைப்ராய்டுன்னு கர்ப்பப்பைக் கட்டி, இன்ஃபெக்‌ஷன், மெனோபாஸ் நெருங்குறப்போ ஹார்மோன் ஏறி இறங்குறது, பெரும்பாலும் இந்த மாதிரி ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா கர்ப்பப்பை வாய் கேன்சரும் இப்படித்தான் காட்டும், நம்ம நாட்டுல பொம்பளைங்களை அதிகமா கொல்ற கேன்சர்கள்ல அது ஒண்ணு, உங்களுக்கு எதுன்னு வெளியில இருந்து பார்த்து யாராலயும் சொல்ல முடியாது, அந்த சிஸ்டராலயும் முடியாது.

அவங்க சொன்னது தப்பு, சுத்தமா தப்பு. இந்தக் கேன்சருக்குக் காரணம் ஹெச்பிவின்னு ஒரு வைரஸ், அது சேர்ந்து இருக்கறப்போ தோலும் தோலும் உரசுறதுலயே பரவும், அதுக்கு ஆம்பளை வேணும்னு இல்ல. அதோட நம்மள்ல எத்தனை பேருக்கு சின்ன வயசுல வீட்டுல சொன்னாங்கன்னு ஒரு கல்யாணமோ ஒரு பாய்ஃப்ரெண்டோ இருந்திருக்கும், அப்ப வந்த வைரஸ் வருஷக்கணக்கா சத்தமே இல்லாம உள்ள இருக்கலாம். கவர்மென்ட்ல 30 வயசுல ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு ஒண்ணுன்னு மூணு பேப் ஸ்மியர் இலவசம், கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்னு அதுல எங்கயும் கிடையாது. உங்க வயசுக்கு ரெண்டு முடிஞ்சிருக்கணும், ஒண்ணுகூட ஆகலன்னு படிச்சப்போ வயிறு எரிஞ்சுது. பொம்பளையோட வாழ்ற பொம்பளைங்களுக்கு வியாதி முத்திப்போய்த் தெரியவருதுன்னா உடம்புல ஒண்ணும் வித்தியாசம் இல்லம்மா, இப்படி கவுன்டர்லயே திருப்பி அனுப்புறதுதான், ஒருக்கா அவமானப்பட்டவங்க அப்புறம் வருஷக்கணக்கா அந்தப் பக்கமே போகாம இருக்கறதுதான்.

நான் முப்பது வருஷம் நர்ஸா இருந்தவ, அதனால ஒண்ணு சொல்றேன். 1997ல, டர்பன்ல ஒரு ஆஸ்பத்திரி வார்டு. யாரையும் பாலினத்தை வச்சோ யார்மேல ஆசைங்கறதை வச்சோ ஒதுக்கக் கூடாதுன்னு 9வது பிரிவுல எழுதின புது அரசியல் சட்டம் அந்த வருஷம்தான் அமலுக்கு வந்துச்சு, உலகத்துலயே முதல் நாடு நாமதான்னு பேப்பர்ல எல்லாம் படிச்சோம். வார்டுக்குள்ள அது வரல. ஒரு வருஷமா ரத்தம் போய்க்கிட்டிருந்த அம்மா ஒருத்தங்க, வெக்கப்பட்டு எங்கயும் காட்டாம முத்திப்போய் வந்தாங்க, நம்ம ஆளுங்கதான். அவங்களோட இருந்தவங்க காரிடார் பெஞ்சுல நாலு நாள் உக்காந்திருந்தாங்க, மடியில மஞ்சள் மூடி போட்ட ஒரு டப்பா, உள்ள பருப்பும் சோறும். "உப்பு இல்லாத சாப்பாடு அவ தொடமாட்டா சிஸ்டர், இதை மட்டும் கொடுத்துடுங்க"ன்னு ட்ராலி தள்ளிக்கிட்டுப் போற என்கிட்ட நீட்டுவாங்க. உள்ள விடாதீங்கன்னு குடும்பத்துல சொல்லியிருந்தாங்க, நாங்களும் விடல. டப்பாவை மட்டும் வாங்கி உள்ள கொண்டுபோய் வச்சேன். அந்தம்மா போயிட்டாங்கன்னு வெளியில உக்காந்திருந்தவங்களுக்கு காலையில தரை துடைக்க வந்தவங்கதான் சொன்னாங்க. கதவைத் தொறந்திருக்கலாம், தொறக்கல. உங்க லெட்டர்ல "அவளை உள்ளயே விடமாட்டாரு"ங்கற வரியைப் படிச்சதும் அந்த மஞ்சள் மூடிதான் கண்ணுக்குள்ள வந்துச்சு.

அதனால இந்த வாரமே போங்க, தனியா போகாதீங்க, உங்க பார்ட்னரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அதே கிளினிக்குக்குப் போக மனசு இல்லைன்னா வேற கிளினிக் போங்க, ஆரம்ப சிகிச்சை 1996ல இருந்தே கவர்மென்ட் கிளினிக்ல காசில்லாமதான். ரிசெப்ஷன்ல முழுக் கதையும் சொல்லணும்னு அவசியமே இல்ல, "அப்நார்மல் ப்ளீடிங், அஞ்சு மாசமா"ன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தைக் கதவு சாத்தின ரூமுக்குள்ள பேசுறேன்னு சொல்லுங்க, உங்க விஷயத்தை ரகசியமா வச்சுக்கறது அவங்க தயவு இல்ல, நேஷனல் ஹெல்த் ஆக்ட் 14வது பிரிவு. உள்ள போனதும் ஸ்பெகுலம், அதாவது உள்ள விரிச்சுப் பார்க்கற கருவி, சின்ன சைஸ் கேளுங்க, வலிச்சா நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தணும். ஸ்மியர் எடுக்க ரெண்டு மூணு நிமிஷம்தான். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உள்ள க்ரீம் எதுவும் வைக்காதீங்க, உள்ள தண்ணி விட்டுக் கழுவாதீங்க. ரத்தம் படுதேன்னு நாளைத் தள்ளிப்போடவும் வேண்டாம், ஸ்மியர் இன்னொரு நாள் எடுக்கலாம்னாலும் இன்னிக்கே உள்ள பார்க்கச் சொல்லுங்க. ஹெச்ஐவி டெஸ்டும் கேட்டுப் பண்ணிடுங்க, அது இருந்தா ஸ்மியர் மூணு வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கணும். இதுல நான் அழுத்திச் சொல்றது ஒண்ணு, ஸ்மியர் நார்மல்னு வந்துட்டாலும் ரத்தம் நிக்கலைன்னா வீட்டுக்கு வந்துடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் லெட்டர் கேளுங்க, ஸ்கேனும், கர்ப்பப்பை வாயை லென்ஸ் வச்சு பெருசாக்கிப் பார்க்கற கால்போஸ்கோப்பியும் அங்கதான், ஏன்னா ஸ்மியர் எல்லாத்தையும் கண்டுபிடிக்காது.

இப்ப அண்ணன் விஷயம். அதே நேஷனல் ஹெல்த் ஆக்ட்ல 7வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, உங்களால பேச முடியாத நிலைமைல உங்களுக்காக யார் சம்மதம் சொல்லணும்னு நீங்களே எழுத்துல ஒருத்தரை நியமிச்சுட்டா அவங்கதான். எழுதி வைக்கலைன்னாலும் வரிசைல முதல்ல நிக்கிறது கணவன் மனைவி இல்லைன்னா பார்ட்னர், அப்புறம் அப்பா அம்மா, தாத்தா பாட்டி, வளர்ந்த பிள்ளைங்க, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாம் அதுக்கும் பின்னாடி, கடைசி இடம். அண்ணனுக்கு இது தெரியாது, வார்டுல இருக்கற பாதி ஸ்டாஃபுக்கும் தெரியாது, அதனால சட்டத்தை நம்பி சும்மா இருக்காதீங்க, ஒரு பேப்பர்ல ரெண்டு பேர் பேரும் ஐடி நம்பரும் போட்டு, எனக்கு சுயநினைவு இல்லாதப்போ என் சிகிச்சைக்கு இவங்கதான் சம்மதம் சொல்லணும்னு எழுதி, ரெண்டு சாட்சி வச்சு கையெழுத்துப் போட்டு ஒரு காப்பி ஃபைல்ல, ஒண்ணு அவங்க ஹேண்ட்பேக்ல, ஒண்ணு போன்ல போட்டோவா. ரெண்டு பொண்ணுங்களும் கல்யாணம் மாதிரி பதிவு பண்ணிக்கலாம்னு 2006ல வந்த சிவில் யூனியன் சட்டப்படி பதிவு பண்ணிக்கிட்டா இன்னும் பலம், அது உங்க மனசுக்கு சரின்னு படும்போது பண்ணுங்க, கோயிலுக்கும் அண்ணனுக்கும் சொல்லிட்டுத்தான் பண்ணணும்னு இல்ல.

மெடிக்கல் எய்ட், தாராளமா சேக்கலாம். 1998ல ஒரு பெண் போலீஸ் கேப்டன் தன்னோட வாழ்ற பொண்ணை போலீஸ் மெடிக்கல் எய்ட்ல சேக்க மாட்டேன்னதுக்கு பிரிட்டோரியா ஹைகோர்ட் போய் ஜெயிச்சுட்டாங்க, அதே வருஷம் வந்த மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துலயும் பார்ட்னர்ங்கற வார்த்தை இருக்கு. உங்க பார்ட்னரை அவங்க ஆபீஸ்ல ஃபார்ம் வாங்கச் சொல்லுங்க.

அந்த சிஸ்டர் மேல புகார் கொடுக்கறதா வேண்டாமான்னு நீங்க கேக்கல, நானா சொல்றேன், கொடுங்க, ஆனா உடம்பு பார்த்த பிறகு. தேதி, நேரம், என்ன சொன்னாங்க, யார் யார் கேட்டாங்கன்னு இன்னிக்கே நோட்டுல எழுதி வச்சுடுங்க, மறந்துபோகும். முதல்ல அந்தக் கிளினிக் இன்சார்ஜ்கிட்ட, பதில் வரலைன்னா நர்ஸிங் கவுன்சில்ல, அதுவும் போதலைன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே இப்படி ஒதுக்குறதை விசாரிக்க ஈக்குவாலிட்டி கோர்ட்டுன்னு இருக்கு, வக்கீல் வேண்டாம், ஃபீஸ் கிடையாது. உங்களுக்காக மட்டும் இதைச் சொல்லல. 2025 ஆரம்பத்துல அமெரிக்கா கொடுத்துக்கிட்டிருந்த உதவிப் பணத்தை நிறுத்தினதும் கே பசங்களுக்கும் திருநங்கைகளுக்கும்னு தனியா நடந்த கிளினிக் பல மூடிட்டாங்க, விட்ஸ் யுனிவர்சிட்டியோட ஆராய்ச்சி நிலையம் விட்ஸ் ஆர்ஹெச்ஐ நடத்தின டிரான்ஸ் கிளினிக்கும் போச்சு, அங்க ஹார்மோனும் ஹெச்ஐவி வராம தடுக்கற ப்ரெப் மாத்திரையும் வாங்கிக்கிட்டிருந்த பிள்ளைங்க எல்லாம் இப்ப நீங்க நின்ன அதே க்யூவுலதான் நிக்கிறாங்க, கார்டுல ஆம்பளைப் பேரு, நிக்கிறது சேலையோட, பேரைச் சத்தமா கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உங்களைப் பார்த்துச் சிரிச்சவங்க முன்னாடிதான் நாளைக்கு அந்தப் பிள்ளை போய் நிக்கணும்.

காலையிலயே போயிடுங்க, க்யூ நீளமா இருக்கும், சாப்பாடு கட்டிக்கிட்டுப் போங்க, கிளினிக் கார்டு, ஐடி, அந்தக் கையெழுத்துப் போட்ட பேப்பர் மூணும் ஒரே கவர்ல. ஸ்மியர் ரிசல்ட் வர சில வாரம் ஆகலாம், அவங்க கூப்பிடுவாங்கன்னு காத்திருக்காம நீங்களே போன் பண்ணிக் கேளுங்க. எது வந்தாலும் எனக்கு எழுதுங்க, நான் காத்துக்கிட்டிருப்பேன்.