மறு: சோலார் கண்ணாடியில் தாமரை இலைப் பூச்சு, தண்ணீர் ஓடவில்லை

தாமரை இலையில் போலத் தண்ணீர் உருண்டோடும் பூச்சைச் சோலார் பேனல் கண்ணாடியில் கொண்டுவரும் உங்கள் புராஜெக்டில், கண்ணாடியைப் பளபளவென்று பாலிஷ் போட்டு மெழுகு தடவியும் துளி உருளாமல் தட்டையாக ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மெழுகில் தப்பில்லை, பாலிஷ்தான் சிக்கல்.

தாமரை இலை வழவழப்பானது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது சொரசொரப்பு. இலை முழுக்க மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் மேடுகள்; ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிடச் சின்ன மெழுகுக் குழாய்கள். இடையில் காற்று தங்கிவிடுவதால் துளி நுனிகளில் மட்டும் உட்காருகிறது. தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு துளிக்குள் அமைக்கும் கோணம்; அது கூடக் கூடத் துளி உருண்டையாகும்) 150 டிகிரியைத் தாண்டுவது அதனால்தான். வழவழப்பான பரப்பில் எதைப் பூசினாலும் 120 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான்.

நம்பவில்லையா? ஒரு சேப்பங்கிழங்கு இலையில் பாதியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தேய்த்த பாதி நனையும், மற்றது முத்து முத்தாக உதறிவிடும்.

சரி, இனி என்ன செய்யலாம்? நீர் விலக்கும் சிலிக்கா நானோ துகள் கலந்த ஸ்ப்ரே வாங்கி, முதலில் மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் மெல்லிசாக அடித்துப் பாருங்கள் (முகமூடி கட்டாயம்). தடிமனாக அடித்தால் கண்ணாடி பால்போல் மங்கி, பேனலுக்கு வெளிச்சம் குறையும். துளியைப் பக்கவாட்டில் மொபைலில் படம் எடுத்தால் கோணத்தை அளந்துவிடலாம்.

அப்புறம், மெழுகு தேய்ந்தால் இலை மறுபடி சுரந்துகொள்ளும். உங்கள் பூச்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதனால் மறுபூச்சுச் செலவையும் ரிப்போர்ட்டில் சேர்த்துவிடுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.