ரிப்போர்ட் நெகட்டிவ், பயம் மட்டும் போகவில்லை: எச்.ஐ.வி. பதற்றம் பற்றிக் கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பல வருடங்கள் வேலை பார்த்தவள் நான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து விஷயத்தில் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மூன்று மாதம் காத்திருந்து டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்களே?

காத்திருக்காதீர்கள், இதைப் படித்ததும் கிளம்புங்கள். தொற்று வராமல் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி என்றால் அவசரப் பிரிவுக்கே போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மாத்திரை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். அங்கே தாமதமானால் தனியார் மருத்துவரிடமாவது போய்விடுங்கள். வெட்கத்தால் ஒரு நாளைக் கடத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு முறை போனேன். ஆணுறை போட்டிருந்தேன், கிழியவில்லை. ஐந்து வாரம் ஆகிறது. நாக்கில் வெள்ளை படர்கிறது, ராத்திரி வியர்க்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இணையத்தில் படித்த எல்லா அறிகுறியும் எனக்கு இருக்கிறது.

தம்பி, முதலில் ஆபத்து எவ்வளவு என்று பார்ப்போம். ஆணுறையே இல்லாமல், எதிரே இருப்பவருக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் மருந்தும் எடுக்காமல் இருந்தால்கூட, பெண்ணுறுப்பு வழியான உறவில் ஒரு தடவையில் ஆணுக்குத் தொற்று வரும் வாய்ப்பு 10,000க்கு சுமார் 4. நீங்கள் ஆணுறை போட்டிருந்தீர்கள், அது கிழியவும் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருக்கிறது என்று நினைக்கவும் உங்களிடம் காரணம் எதுவும் இல்லை. அரசுத் தடுப்புத் திட்டங்களில் இருக்கும் பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்கிறார்கள். ஆணுறை போடாத ஆளைத் திருப்பி அனுப்பும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களை நோயின் மறுபெயராக நினைப்பதை விட்டாலே பாதிப் பயம் குறையும்.

அடுத்தது அறிகுறி. எச்.ஐ.வி. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு வரலாம். பலருக்கு ஒன்றுமே வராது. வந்தாலும் சாதாரண வைரஸ் காய்ச்சலிலிருந்து கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் அறிகுறியை வைத்து 'இருக்கிறது' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது.

உங்கள் மாதிரி வந்த ஒரு பையன் என்னிடம் செல்போனை நீட்டினான். கேலரி முழுக்க அவன் நாக்கின் படங்கள். காலையில், பல் தேய்த்த பிறகு, டார்ச் வெளிச்சத்தில், சாப்பிட்ட பிறகு என்று தேதிவாரியாக. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் விரல் தாடைக்குக் கீழே போய் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாளில் அத்தனை தடவை அழுத்தினால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். பதற்றத்தில் வாய் உலரும், வாய் உலர்ந்தால் நாக்கில் மாவு படியும், தூக்கம் கெட்டால் ராத்திரி வியர்க்கும். உடம்பு பொய் சொல்லவில்லை, அது பயத்தைச் சொல்கிறது. நெறி இரண்டு மூன்று வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள்.

மன நிம்மதிக்கு டெஸ்ட் வேண்டுமென்றால், 45 நாள் ஆனதும் லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை போதும். அது வைரசை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியோடு, வைரசின் புரதமான பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்க்கும். விரலில் குத்திச் செய்யும் ரேபிட் டெஸ்ட் என்றால் மூன்று மாதம் முடிந்து எடுங்கள். இப்போதே காலண்டரில் தேதியைக் குறித்துவிடுங்கள். அப்புறம் அந்தத் தேதி வரை தேடுவதை நிறுத்துங்கள். சிபிலிசுக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி.யையே நினைத்துக்கொண்டு இவற்றை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

கேள்வி: 45 நாள், 90 நாள், ஆறு மாதம், ஒரு வருடம், எல்லாமே நெகட்டிவ். மொத்தம் ஒன்பது டெஸ்ட். ஆனாலும் 'லேபில் மாற்றி வைத்திருந்தால்?', 'என் உடம்பு மட்டும் ஆன்டிபாடி உண்டாக்காவிட்டால்?' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பத்தாவது எடுக்கலாமா?

வேண்டாம். எச்.ஐ.வி. பற்றிய உங்கள் கேள்விக்கு 90ஆம் நாளிலேயே பதில் கிடைத்துவிட்டது. உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை. இனி வைத்தியம் தேவைப்படுவது பயத்துக்கு.

ரிப்போர்ட்டை வாங்கிய நிமிடம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்சு லேசாகியிருக்கும். சாயங்காலமே 'ஒருவேளை' என்று ஒன்று தொடங்கியிருக்கும். சொறிந்தால் அரிப்பு அதிகமாவது போலத்தான் இது. ஒவ்வொரு டெஸ்டும், ஒவ்வொரு தேடலும், நண்பனிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் கொஞ்ச நேரம் சுகம் தந்துவிட்டு அடுத்த சந்தேகத்துக்கு வழி விடுகிறது. இது எண்ணச் சுழற்சி நோயின், அதாவது ஓ.சி.டி.யின் வடிவமாக இருக்கலாம். மனநல மருத்துவர் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சந்தேகம் வந்தாலும் சரிபார்க்காமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள்.

அதுவரை நீங்களே செய்யக்கூடியது: சரிபார்க்கத் தோன்றும்போது 'மாட்டேன்' என்று சண்டை போடாதீர்கள், 'பத்து நிமிடம் கழித்து' என்று தள்ளுங்கள். பத்து நிமிடம் ஆனதும் இன்னொரு பத்து. அந்த வேகம் தானாக இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை தைரியம் வரும். சந்தேகத்துக்கு நூறு சதவீத விடை தேட வேண்டாம். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நான் இப்போது குளிக்கப் போகிறேன்' என்று விட்டுவிட்டுப் போகப் பழகுங்கள். முதல் சில நாள் கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். உங்களை உறுத்துவது நோயா, செய்த காரியமா? மையத்தில் கதவைச் சாத்திவிட்டு இதைக் கேட்டால் பலர் அழுதுவிடுவார்கள். 'நான் தப்பு செய்தேன், அதற்குத் தண்டனை வந்தே தீரும்' என்ற நினைப்புதான் எச்.ஐ.வி. என்ற பெயரில் வந்து நிற்கிறது. ரத்தப் பரிசோதனையில் குற்ற உணர்ச்சி தெரியாது, அதனால்தான் எத்தனை நெகட்டிவ் வந்தாலும் அது தீரவில்லை. அதை ஒரு மனிதரிடம் வாய்விட்டுப் பேச வேண்டும். ஆலோசகராக இருக்கலாம், நம்பிக்கையான நண்பராக இருக்கலாம்.

கேள்வி: துபாயில் வேலை. மசாஜ் சென்டரில் கையால் மட்டும்தான், அப்புறம் ஒரு முத்தம். எனக்கு அப்போது வாய்ப்புண் இருந்தது. விசா புதுப்பிக்கும்போது மெடிக்கலில் மாட்டினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களே அண்ணி?

கையால் பரவாது. எச்சிலால் பரவாது. நீங்கள் சொன்ன அளவில் டெஸ்டே தேவையில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறது, அது எனக்குப் புரிகிறது. மெடிக்கலுக்கு நிம்மதியாகப் போங்கள்.

கேள்வி: தனியார் லேபில் கார்டு டெஸ்ட் எடுத்தேன். 'ரியாக்டிவ்' என்று வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததா?

இல்லை. ஒரே ஒரு கார்டை வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. என்று முடிவு சொல்லக்கூடாது. நம்பிக்கை மையத்தில் முதல் டெஸ்ட் ரியாக்டிவ் வந்தால், வேறு வேறு முறையில் இன்னும் இரண்டு டெஸ்ட் செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ் என்பார்கள். ஆபத்து குறைவாக உள்ளவர்களிடம் தவறான ரியாக்டிவ் வருவது உண்டு. நாளைக்கே போய் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் வெளியூரில் ஒருமுறை தப்பு செய்துவிட்டதாக அவரே சொல்லி அழுதார். மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். ஆனாலும் தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தையைத் தூக்குவதே இல்லை. 'எனக்கு ஒன்றும் இருக்காதுல்ல?' என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறார். நான் என்ன செய்வது மேடம்?

தட்டு, டம்ளர், துண்டு, கழிப்பறை, கொசு, கட்டிப்பிடிப்பது, எதிலும் பரவாது. உண்மையிலேயே தொற்று உள்ள அப்பாகூட குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

அவர் கேட்கும் ஒவ்வொரு தடவையும் 'ஒன்றும் இருக்காதுங்க' என்று சொல்வது அன்பினால்தான். ஆனால் அதுவும் அவருக்கு இன்னொரு டெஸ்ட் மாதிரி ஆகிவிடுகிறது. ஒருமுறை உட்கார்ந்து, 'டாக்டர் சொன்ன பதில்தான் என் பதிலும். இனி இதைக் கேட்டால் நான் திரும்பச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கூடவே இருப்பேன்' என்று சொல்லிவிடுங்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே பிரிவு இருக்கிறது.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் செய்தது உங்களைக் காயப்படுத்தியிருக்கும். அவருடைய பயத்தைப் பார்த்துக்கொள்வதிலேயே உங்கள் கோபத்துக்கு இடமில்லாமல் போயிருக்கும். கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்களும் தனியாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள். உங்களுக்கும் டெஸ்ட் எடுத்துக்கொள்ளத் தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அவர் அனுமதி தேவையில்லை.

கேள்வி: அடுத்த வாரம் ரிசல்ட். பாசிட்டிவ் என்றால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

இன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள். வீட்டில் யாராவது ஒருவரிடம் 'எனக்கு மனசு சரியில்லை, கூட இரு' என்று மட்டுமாவது சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். உடனே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் பயப்படுவது பழைய காலத்து எய்ட்சைப் பார்த்து. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டபோது கையில் மருந்து இல்லை. 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தருகிறது. தாம்பரம் அரசு மருத்துவமனை அன்றே தொடங்கிய மையங்களில் ஒன்று. இன்று சீக்கிரம் தொடங்கி ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே கிட்டத்தட்ட முழு ஆயுள் வாழ்கிறார், கல்யாணம் செய்கிறார், குழந்தை பெறுகிறார். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தபின் உடலுறவில் துணைக்குப் பரவுவதும் இல்லை. ரிசல்ட் வாங்கும் நாளில் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: நம்பிக்கை மையத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

பெயர், வயது, தொடர்பு எண் கேட்பார்கள். பிறகு ஆலோசகர் தனியறையில் பேசுவார், உங்கள் சம்மதம் வாங்குவார், ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரியும், அதையும் தனியறையில் உங்களிடம்தான் சொல்வார்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுப்பதும், உங்கள் நிலையை வெளியே சொல்வதும் அதன்படி கூடாது. உள்ளூரில் தெரிந்த முகம் இருக்குமோ என்று தயங்கினால் பக்கத்து ஊர் மையத்துக்குப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும், பேசவும் நேரம் கிடைக்கும்.