பெயின்ட் கடைசியில்தான், தம்பி

அன்புள்ள அண்ணா,

லண்டனில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய மாதிரி ரயில் பெட்டிகள் மூன்றை அனுப்பியிருக்கிறார். 1:76 அளவு (அசலில் 76இல் ஒரு பங்கு), பயணிகள் பெட்டிகள். வளைவில் தடம் புரள்கின்றன. உள்ளே எரியும் விளக்கும் துடிக்கிறது. கொழும்புக்குப் போகும் எங்கள் இரவுக் கோச்சி போல மண்ணிறம் அடிக்க ஆசை. பெயின்ட் வாங்கிவிட்டேன். தொடங்கட்டுமா?
வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

பெயின்ட் பேணியை இப்போது திறக்காதீர்கள். முதலில் பெட்டி ஒழுங்காக ஓடவேண்டும். பாரம் வைக்க, விளக்குப் பூட்ட என்று கூரையைப் பலதடவை கழற்றவேண்டி வரும். அடித்த பெயின்ட் அதிலேயே உரிந்துவிடும்.

இப்படிப் புரள்வதற்குப் பெரும்பாலும் பாரம் போதாததுதான் காரணம். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம், உங்களுடையதைப் போலவே 16.5 மில்லிமீற்றர் பாதையில் ஓடும் 1:87 பெட்டிகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது: அடிப்படையாக 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். அதையே நீங்களும் பிடித்துக்கொள்ளலாம். நிஜத்தில் 60 அடி நீளமான பெட்டி 1:76இல் 24 சென்றிமீற்றர் வரும். அதற்கு 160 கிராம் அளவில் வேண்டும். பாரம் பெட்டியின் தரையோடு ஒட்டி, இரு முனைக்கும் சமமாக இருக்கட்டும். உயரத்தில் வைத்தால் வளைவில் சாயும்.

எங்கள் ஊரில் ஈயக்குண்டுக்குப் பஞ்சமில்லை, மீன்பிடிச் சாமான் கடைகளில் கேளுங்கள். இந்த உப்புக்காற்றுக்கு இரும்பு நட்டு துருப்பிடித்துவிடும். ஆனால் ஈயத்தை மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையால் ஒட்டவேண்டாம். அந்தப் பசையிலிருந்து வரும் அசற்றிக் அமிலம் ஈயத்தை அரிக்கும். ஈயம் வெள்ளையாகப் பூத்து வீங்கி, நாளடைவில் பெட்டியின் சுவரையே பிளந்துவிடும். இரண்டு பகுதிகளைக் கலந்து ஒட்டும் எபொக்சிப் பசைதான் நல்லது. ஈயம் நஞ்சு என்பதையும் மறக்காதீர்கள். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள்.

சில்லுகள் பிளாஸ்டிக் என்றால் உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் அழுக்கைச் சேர்த்துத் தண்டவாளம் முழுக்கப் பூசும். பெட்டியின் இரு முனைக்கும் அடியில் சில்லுகளைத் தாங்கித் திரும்பும் சட்டங்கள்தான் போகிகள். அவற்றில் ஒன்றின் திருகாணியை, அது திரும்ப மட்டும் முடிகிற அளவுக்கு இறுக்குங்கள். மற்றதைச் சற்றுத் தளர்த்தி, எந்தப் பக்கமும் அசையவிடுங்கள். முக்காலி போல, பாதை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் எட்டுச் சில்லும் பதிந்து நிற்கும்.

விளக்குத் துடிப்பது, சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைப்பதால். இரண்டையும் துடைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். எல்ஈடி போடுவதாக இருந்தால் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் ஒன்று அவசியம். சாதாரண டிசி (நேர்மின்னோட்ட) பாதையில் கோச்சி திசை மாறும்போது மின்முனையும் மாறும். எல்ஈடியோ ஒரு பக்க மின்னோட்டத்தில்தான் எரியும்; எந்தப் பக்கம் வந்தாலும் அதை ஒரே பக்கமாக்கிக் கொடுப்பது இந்த ரெக்டிஃபயர். அதற்குப் பிறகு, தொடர்பு விடும் நொடியில் மின்சாரம் கொடுக்க ஒரு கப்பாசிற்றர், எல்ஈடிக்கு முன்னால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர்.

இலங்கையில் எங்கள் அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீற்றர். 1:76இல் அது 22 வரவேண்டும், உங்களுடையதோ 16.5தான். அதனால் முன்னாலிருந்து பார்த்தால் உங்கள் கோச்சியின் கால் ஒடுங்கித் தெரியும். அதை விட்டுவிடுங்கள், பக்கவாட்டில் தெரியாது.

இதெல்லாம் சரிவந்த பிறகு ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றி, உடலைக் கழுவிக் காயவைத்து, மண்ணிறத்தை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். மேலே அடிக்கும் மட் (பளபளப்பில்லாத) வார்னிஷை மட்டும் மாரியில் தொடவேண்டாம். காற்றில் ஈரம் கூடினால் வெள்ளை பூத்துவிடும். மழை விட்டு நல்ல வெயில் வரும்வரை பொறுங்கள்.