குத்திய ஊசியும் கழற்றாத கையுறையும்

கேள்வி: சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். போட்டு முடித்த ஊசிக்கு மூடி மாட்டும்போது விரலில் குத்திவிட்டது. ரத்தத்தைப் பிழிந்துவிட்டு ஸ்பிரிட் ஊற்றினேன். நோயாளி நல்ல திடமாகத்தான் இருந்தார். திட்டு விழுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டுமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: சொல்லியே ஆக வேண்டும். ஆள் திடமாக இருக்கிறார் என்பதில் ஒன்றும் இல்லை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. குத்திய இடத்தைப் பிழியக் கூடாது, ஸ்பிரிட்டும் பிளீச்சும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அடுத்த வேலை பொறுப்பில் இருப்பவரிடம் சொல்வது, ஏனென்றால் அந்த நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும், அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டால் தேடிப் பிடிக்க முடியாது.

பயத்தில் பாதி ஆளுக்கு மனசு நேராக எச்.ஐ.வி.க்குத்தான் போகும். கிருமி உள்ளவரின் ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றுவது ஆயிரத்தில் சுமார் 3 பேருக்கு. ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை, தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை! பயப்பட வேண்டியது இதற்குத்தான், ஆனால் தடுப்பூசி இருப்பதும் இதற்குத்தான்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மூன்றும் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மாத்திரை உண்டு, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்கள் கடிதம் எங்களுக்கு வந்து, அச்சாகி, உங்கள் கைக்குத் திரும்புவதற்குள் அந்த நேரம் ஓடியிருக்கும். பரவாயில்லை, டாக்டரைப் பார்த்து இப்போது ஒருமுறையும் அப்புறம் அவர் சொல்கிற இடைவெளியிலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

போட்ட ஊசிக்கு மூடி மாட்டவே கூடாது. அதை அப்படியே போடுவதற்கான, துளைக்க முடியாத வெள்ளை டப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், முக்கால்வாசி நிரம்பியதும் மாற்றிவிட வேண்டும். டப்பா வார்டின் கடைசி மூலையில் இருந்தால் எந்த நர்ஸும் மூடியைத்தான் தேடுவார். ஆகவே திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள் இல்லை, டப்பாவை அங்கே வைத்தவர்.

கேள்வி: லேபில் ரத்தம் எடுப்பவர் காலையில் மாட்டிய கையுறையோடே வரிசையாக எல்லோருக்கும் எடுக்கிறார். நடுவில் செல்போனும் பேசுகிறார். கேட்டால், “கிளவுஸ் போட்டிருக்கேனே சார்” என்கிறார். சரிதானா?
– வாசகர், தேனி

பதில்: சரியில்லை. அந்தக் கையுறை அவரைத்தான் காப்பாற்றுகிறது, உங்களை அல்ல. முன்னால் உட்கார்ந்தவரின் ரத்தம் அதில் பட்டிருந்தால் உங்கள் கைக்கும் அவர் போனுக்கும் சேர்ந்தே வரும். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை கழுவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கையில் படும். சானிட்டைசர் என்றால் 20-30 நொடி, சோப்பு என்றால் 40-60 நொடி. 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை முடித்து நேரே பிரசவம் பார்க்க வந்தவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. அன்றைக்கும் பெரிய டாக்டர்கள் பலர் முறைக்கத்தான் செய்தார்கள். நீங்கள் தைரியமாக, “புதுசு மாத்திக்கிட்டு எடுங்க” என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வரிசையாக மெட்ராஸ் ஐ. மேனேஜர் தினமும் சாயங்காலம் மருந்துப் புகை அடிக்கிறார். வந்தவர்களைக் கறுப்புக் கண்ணாடி போட்டு வேலைக்கு வரச் சொல்கிறார்.
– வாசகி, சென்னை

பதில்: புகை வீண் செலவு. பார்த்தால் ஒட்டாது, எனவே கண்ணாடியும் ஒட்டுவதைத் தடுக்காது, வெளிச்சக் கூச்சத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணைக் கசக்கிய கை தொட்ட மவுஸ், கீபோர்டு, கதவுப்பிடி, பாத்ரூமில் எல்லோருக்கும் பொதுவாகத் தொங்குகிற அந்த ஒரு துண்டு, இவைதான் வழி. துண்டை எடுத்துவிட்டுக் காகித டவல் வையுங்கள், பொதுவாகத் தொடுகிற சாமான்களைக் கிருமிநாசினியால் துடையுங்கள், கண்ணில் நீர் வடிகிறவரை வீட்டில் இருக்க விடுங்கள், சம்பளம் பிடிக்காமல். பிடித்தால் சொல்லாமல் வந்து உட்காருவார். ஒருவர் சொட்டு மருந்தை இன்னொருவர் போட வேண்டாம். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம், சிலவற்றில் டாக்டர் சொல்லாமல் போட்டால் கண்ணைக் கெடுக்கக்கூடிய ஸ்டீராய்டு இருக்கும்.