மழைக்குப் பிறகு ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, என்ன செய்வது?

கடலூர் முதுநகரில் வீடு, மழைத் தண்ணீர் உள்ளே வந்து வடிந்ததிலிருந்து ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது என்கிறீர்கள். லேசான ஷாக்தானே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உள்ளே மின்சாரம் கசிகிறது, எர்த்தும் அதை இறக்கவில்லை என்று அர்த்தம். கடலோர உப்புக்காற்றில் எர்த் இணைப்பு அரித்துப்போவது சகஜம்.

செருப்புப் போட்டு, காய்ந்த தரையில் நின்று மெயினை அணையுங்கள். மெயின் பக்கம் தண்ணீர் நின்றால் அதில் இறங்கவே வேண்டாம். வெளியே வந்து மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை அழையுங்கள், 94987 94987.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் கையால் இழுக்காதீர்கள். பாசத்தில் ஓடிப்போய்த் தொடுபவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். முதலில் மெயின். அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். அப்புறம் 108. மூச்சில்லை என்றால் நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், இதயத்துடிப்பு பிறகும் தடுமாறலாம்.

சுவிட்ச் போர்டு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எலக்ட்ரீஷியன் வரும்போது, மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) சுவிட்ச் ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை ஃபிரிட்ஜின் பிளக் வெளியிலேயே இருக்கட்டும்.